பொழுதுபடும் நேரத்துப் படகு: எங்கள் தீவுகளைச் சுற்றிக்காட்டப் போவது யார்?

மல்லாவியில் கடல் இல்லை. எங்களுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் வவுனிக்குளம்தான். பொழுதுபடும் நேரம் குளக்கட்டில் நின்றால், நன்னீர் மீன்பிடிக்காரரின் தோணிகள் கரைக்கு வருவதைப் பார்க்கலாம். அதைப் பார்க்க ஒருவரும் காசு கொடுப்பதில்லை. கடந்த பங்குனியில் கனடாவிலிருந்து வந்த மச்சான், வரும் வழியில் தாய்லாந்தில் இதே நேரத்தில் படகில் போக எவ்வளவு கொடுத்தான் என்று சொன்னபோது வீட்டில் எல்லோரும் சிரித்தது அதனால்தான்.

அவன் போனது தாய்லாந்தின் பங்கா வளைகுடாவுக்கு. பத்துப் பன்னிரண்டு பேர்தான் ஒரு குழு. பெரிய படகு சின்னத் தோணிகளை ஏற்றிக்கொண்டு போகுமாம். தீவுகளுக்குக் கிட்டப் போனதும் இயந்திரத்தை நிறுத்திவிடுவார்கள். இரண்டிரண்டு பேராகத் தோணியில் ஏற்றி, உள்ளூர்க்காரர் துடுப்புப் போட்டுச் சுண்ணாம்புப் பாறைகளின் அடியால் உள்ளே கூட்டிப் போவார்கள். பொழுது பட்டதும் சாப்பாடு, பிறகு கரை. கைத்தொலைபேசியில் படங்களைக் காட்டிக்கொண்டே கேட்டான்: "எங்கட பக்கமும் இவ்வளவு தீவு கிடக்கு. நீங்கள் ஏன்டா இதைச் செய்யேல்லை?"

நான் பதில் சொல்ல முன்னர் அம்மா சொன்னார்: "நாங்கள் பொழுதுபட்டாப் பிறகு படகில ஏறினது ஊர் பாக்க இல்லைத் தம்பி."

அம்மா சொன்னது கிளாலியை. ஆனையிறவுப் பாதையும் பூநகரி – சங்குப்பிட்டிப் பாதையும் மூடப்பட்டிருந்த தொண்ணூறுகளின் முற்பகுதியில், குடாநாட்டு மக்களுக்கு வன்னிக்கு வர இருந்த வழி யாழ்ப்பாணக் கடல்நீரேரிதான். கிளாலிக் கரையில் இருளும்வரை காத்திருப்பார்கள். ஒரு இயந்திரப் படகின் பின்னால் சின்னப் படகுகளைக் கயிற்றால் தொடுத்து இழுப்பார்கள். வெளிச்சம் காட்டக்கூடாது. 1993 ஜனவரி 2 ஆம் திகதி இரவு அப்படிக் கடந்துகொண்டிருந்த பொதுமக்கள் கடற்படையின் தாக்குதலில் கொல்லப்பட்டனர். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்தை விட்டு வெளியேறிய எங்கள் குடும்பம், தென்மராட்சியில் சில மாதங்கள் இருந்துவிட்டு அதே நீரேரியைக் கடந்துதான் மல்லாவிக்கு வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவின் கை என் வாயைப் பொத்தியிருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

ஆனாலும் மச்சானின் கேள்வி பிழையானதல்ல. கிளாலியை நினைத்து ஒரு தலைமுறை முழுக்கக் கடலைப் பார்க்காமல் இருக்க முடியாது. படகுச் சுற்றுலா எங்கள் பக்கமும் வரத்தான் போகிறது. அது யாருடைய படகில், யாருடைய அனுமதியோடு, யாருடைய கணக்கில் வரும் என்பதுதான் இப்போது கேட்க வேண்டியது.

எல்லோருடைய கண்ணும் தீவுகள் மேல்

கடந்த சில வருடங்களாக வடக்கின் தீவுகளைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. 2019 ஒக்டோபரில் பலாலி விமான நிலையம் சர்வதேச சேவைக்குத் திறக்கப்பட்டது. 2023 ஒக்டோபர் 14 ஆம் திகதி நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலான கப்பல் சேவை தொடங்கியது. இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடியது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் காற்றாலையும் சூரியசக்தியும் சேர்ந்த மின்திட்டத்துக்கு 2021 இல் முதலில் தெரிவுசெய்யப்பட்டது ஒரு சீன நிறுவனம். டெல்லி முகம் சுளித்த பின்னர், 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையுடன் இந்திய நிறுவனம் ஒன்றுக்கு அது கைமாறியது. 2025 செப்டெம்பர் 1 ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டிவிட்டு, அன்றே கடற்படைப் படகில் கச்சதீவுக்குப் போய் வந்தார்.

இவற்றுக்குப் பின்னால் ஒரு எண்ணிக்கைக் கணக்கும் இருக்கிறது. 2018 இல் 23 இலட்சத்துக்கும் அதிகமான சுற்றுலாப் பயணிகள் இலங்கைக்கு வந்தனர். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல், கொரோனா, பொருளாதார நெருக்கடி என்று அடுத்தடுத்து விழுந்த அந்த எண்ணிக்கை 2024 இல் மீண்டும் 20 இலட்சத்தைக் கடந்தது. காலி, எல்ல, சிகிரியா எல்லாம் நிரம்பிவிட்டன. புதிய இடம் தேவை. வரைபடத்தில் இன்னும் கூட்டம் சேராத கரையாகத் தெரிவது வடக்கும் வடமேற்கும்தான்.

இந்தக் கரையில் ஏற்கெனவே சுற்றுலா நடத்துகிறவர்கள் யார்? காரைநகருக்கும் ஊர்காவற்துறைக்கும் நடுவே கடலுக்குள் நிற்கும் ஹமன்ஹீல் கோட்டையை விடுதியாக நடத்துவது கடற்படை. காங்கேசன்துறையில் தல்செவன விடுதியை நடத்துவது இராணுவம். அங்கே ஒரு தேநீர் குடிக்கும் வெளிநாட்டுப் பயணிக்கு, அந்தக் காசு உள்ளூர் மீனவக் குடும்பம் எதற்கும் போகாது என்று யாரும் சொல்வதில்லை. தனக்கென்று படகும் துறையும் வைத்திருக்கும் ஒரு படையோடு, கடன் எடுத்து இயந்திரம் பூட்டிய மீனவர் எப்படிப் போட்டி போடுவது?

ஆளில்லாத் தீவு என்ற பேச்சு

மச்சானைக் கூட்டிக்கொண்டு ஒரு பின்னேரம் இரணைமாதா நகருக்குப் போனேன். மல்லாவியிலிருந்து துணுக்காய் வழியாக வெள்ளாங்குளம் போய், ஏ-32 வீதியில் வடக்கே திரும்பினால் முழங்காவில். அங்கிருந்து கடற்கரை கிட்ட. தெரிந்த கடற்தொழிலாளர் ஒருவர் தன்னுடைய கண்ணாடியிழைப் படகில் எங்களைக் கரையோரமாகக் கொஞ்சத் தூரம் கூட்டிப்போக ஒப்புக்கொண்டார். எதற்கு என்று கேட்டார். பொழுது படுவதைப் பார்க்க என்றேன்.

"பொழுது படுறதைப் பாக்கக் காசோ? நாங்கள் நாற்பது வருசமாப் பாக்கிறம், ஒருத்தரும் ஒரு சதம் தரேல்லையே" என்று சிரித்தார்.

பங்குனியில் வாடையும் இல்லை, சோளகமும் இல்லை. கடல் குளம்போலக் கிடந்தது. இயந்திரத்தை நிறுத்தியதும் படகின் பக்கத்தில் தண்ணீர் தட்டும் சத்தம் மட்டும்தான். மச்சான் படம் எடுத்துக்கொண்டே, "இங்க ஆளே இல்லாத தீவு எதும் இருக்கோ அண்ணை? அப்பிடியான இடத்துக்குத்தான் வெள்ளைக்காரர் விருப்பம்" என்றான். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மேற்கே கையைக் காட்டினார். "அந்தப் பக்கம் இரணைதீவு. அதையும் ஆளில்லாத தீவெண்டுதான் கனகாலம் சொன்னவை."

இரணைதீவின் கதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்குப் புதிதல்ல. பெரியதீவு, சின்னத்தீவு என்ற இரண்டும் சேர்ந்ததுதான் இரணைதீவு. 1992 இல் மக்கள் இடம்பெயர்ந்தனர். போர் முடிந்த பின்னரும் கடற்படை அங்கே நின்றது. மக்கள் இரணைமாதா நகரில் நின்றனர். 2017 மே 1 ஆம் திகதி தொடங்கிய போராட்டம் ஏறக்குறைய ஒரு வருடம் நீண்டது. பதில் வராததால் 2018 ஏப்ரல் 23 ஆம் திகதி, வெள்ளைக் கொடி கட்டிய படகுகளில் அவர்களே தங்கள் தீவுக்குப் போய் இறங்கினார்கள். இடிந்த வீடுகளுக்கும் மாதா கோவிலுக்கும் பக்கத்தில் சமைத்துச் சாப்பிட்டுப் படுத்தார்கள். அதன் பிறகுதான் அரசாங்கம் இணங்கியது. வன்னிக் கரையில் இதுவரை நடந்த பெரிய படகுப் பயணம் எது என்று கேட்டால், நான் அதைத்தான் சொல்வேன்.

அதோடு முடியவும் இல்லை. கொரோனாவில் இறந்தவர்களைப் புதைக்க 2021 மார்ச்சில் அரசாங்கம் தெரிவுசெய்தது இரணைதீவை. கொழும்பில் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு அது வெற்று நிலமாகத் தெரிந்தது. மக்கள் எதிர்த்தார்கள், தங்களுடைய உறவுகளைத் தங்களுடைய ஊர்களில் அடக்கம் செய்ய வேண்டும் என்று முஸ்லிம்களும் எதிர்த்தார்கள். கடைசியில் ஓட்டமாவடிக்கு இடம் மாற்றப்பட்டது.

சுற்றுலா விளம்பரத்தில் "கைபடாத தீவு" என்று எழுதுவது சுலபம். எங்கள் கரையில் பல தீவுகள் கைபடாமல் இருந்ததற்குக் காரணம் இயற்கை மட்டுமல்ல. ஆட்களை அங்கே போக விடவில்லை. போக விடாததால் வந்த அமைதியை இன்னொருவர் விற்கத் தொடங்கினால், அந்த மக்கள் இரண்டாவது முறையும் இழக்கிறார்கள். கற்பிட்டியில் 14 தீவுகளை உள்ளடக்கிய சுற்றுலாத் திட்டம் அறிவிக்கப்பட்டபோதும் காணியும் கரையும் போய்விடும் என்று அங்குள்ள மீனவர்கள் போராடினார்கள். அந்த அனுபவத்தை நாங்கள் படித்துக்கொள்ளலாம்.

சிறு குழுவின் கணக்கு

மச்சான் சொன்ன தாய்லாந்துக் கதையில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: குழு சிறியது. அதை அழகுக்காகச் சொல்லவில்லை. நூறு பேரை ஏற்றும் உல்லாசப் படகுக்குக் கோடிக்கணக்கில் முதல் வேண்டும். அதை வாங்கக்கூடியவர் இரணைமாதா நகரிலோ நாச்சிக்குடாவிலோ இல்லை. ஆறு பேரை ஏற்றும் படகும் இரண்டு தோணியும் என்றால் கடற்தொழிலாளர் சங்கம் ஒன்றால் முடியும். குழுவின் அளவை யார் தீர்மானிக்கிறாரோ, அவரே இந்தத் தொழில் யாருக்கு என்பதையும் தீர்மானிக்கிறார்.

இதற்கு முன்மாதிரிகள் தூரத்தில் இல்லை. பொத்துவில் களப்பில் மீனவர்கள் தங்களுடைய தோணிகளிலேயே பயணிகளை ஏற்றிக் கண்டல் காட்டுக்குள் கூட்டிப் போகிறார்கள். கரைக்கு யானை வந்தால் அதையும் பார்க்கலாம். தமிழ்நாட்டில் சிதம்பரத்துக்குப் பக்கத்திலுள்ள பிச்சாவரத்தில் படகுத்துறையை நடத்துவது அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகம். ஆனால் சுரபுன்னை வாய்க்கால்களுக்குள் துடுப்புப் போடுகிறவர்கள் அந்தப் பகுதி ஆட்கள். கேரளத்தில் கொல்லத்துக்குப் பக்கத்தில் அஷ்டமுடிக் காயலில் இருக்கிற மன்றோ தீவில், ஒடுங்கிய வாய்க்கால்கள் வழியாகச் சின்னத் தோணிகளில் காலையும் மாலையும் பயணிகளை ஏற்றி இறக்குகிறார்கள்.

எங்கள் மக்களுக்குத் தோணியைப் புதிதாகக் கற்றுக்கொடுக்கவும் தேவையில்லை. கட்டுமரம் என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்ததே தமிழ்க் கரைதான். களங்கண்டி எங்கே நிற்கிறது, எந்த மாதத்தில் எந்தப் பறவை வரும், நீரோட்டம் எப்போது திரும்பும் என்பதெல்லாம் படகு ஓட்டுகிறவருக்குத் தெரியும். அன்று அவர் அரை மணித்தியாலத்தில் சொன்னதை எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. பெண்களின் பங்கும் இதில் உண்டு. ஒடியற்கூழ் காய்ச்சுவதும் நண்டுக்கறி சமைப்பதும் பனையோலைப் பெட்டி பின்னுவதும் ஏற்கெனவே இங்கே இருக்கிற தொழில்கள். நுண்கடன் வாரத்தவணைக்குப் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டிருக்கிற வீடுகளுக்கு, மாதத்தில் எட்டுப் பத்து நாள் வருகிற காசு சின்னக் காசு அல்ல.

ஆனால் இது மீன்பிடிக்கு மாற்றாகாது. சோளகம் தொடங்கினால் மேற்குக் கரையில் மாதக்கணக்கில் பயணிகளை ஏற்ற முடியாது. இந்திய இழுவைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போகிற பிரச்சினையைச் சுற்றுலா தீர்க்கப்போவதும் இல்லை. "உங்களுக்குத்தான் சுற்றுலா தந்திருக்கிறோமே" என்று சொல்லி அந்தப் பிரச்சினையை ஒதுக்க யாருக்கும் இடம் கொடுக்கவும் கூடாது.

தானூர் சொன்ன பாடம்

இதை எழுதும்போது எனக்குப் பயமும் இருக்கிறது. 2023 மே 7 ஆம் திகதி பின்னேரம் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்திலுள்ள தானூரில் ஒரு உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதிகமானோர் பிள்ளைகள். அது மீன்பிடிப் படகாக இருந்து பயணிகள் படகாக மாற்றப்பட்டது. ஏற்றக்கூடியதைவிட அதிகமானவர்களை ஏற்றியிருந்தார்கள். ஓட அனுமதிக்கப்பட்ட நேரமும் தாண்டி, பொழுது பட்ட பின்னர் ஓடியது. எங்கள் கிழக்கில், 2021 நவம்பர் 23 ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடியாத இடத்தில் ஓடிய தற்காலிகப் படகுப் பாதை கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் அதில் இறந்தார்கள்.

அன்று எங்களைக் கூட்டிப்போன படகில் உயிர்காப்பு அங்கி இரண்டுதான் இருந்தது. நாங்கள் மூன்று பேர். நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது வெளிச்சம் போய்விட்டது. கைத்தொலைபேசி வெளிச்சத்தில்தான் இறங்கினோம். இதை ஒரு சுவையான அனுபவமாக எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் செய்தது பிழை.

மீன்பிடிக்கப் பதிவுசெய்த படகில் காசு வாங்கி ஆட்களை ஏற்றுவது வேறு தொழில். அதற்கு வேறு பரிசோதனையும் வேறு உரிமமும் காப்புறுதியும் வேண்டும். அந்த வழியைச் சாதாரண மீனவர் போய் முடிக்கக்கூடியதாக அரசாங்கம் ஆக்கவில்லை என்றால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். உரிமம் எடுக்க வசதியுள்ள வெளியார் மட்டும் தொழில் செய்வார்கள். அல்லது உள்ளூர்க்காரர் களவாக ஓடி, ஒரு நாள் தானூர் இங்கே நடக்கும். அப்படி நடந்தால் அடுத்த நாளே எல்லாப் படகையும் தடைசெய்து, "பாதுகாப்பாக" நடத்தக்கூடியவர்கள் என்று படையினரிடமே கொடுத்துவிடுவார்கள். அதனால் பாதுகாப்பு விதிகளை முதலில் கேட்க வேண்டியவர்கள் மீனவர் சங்கங்கள்தான்.

கடல் எவ்வளவு தாங்கும்?

தாய்லாந்திலிருந்து படிக்க வேண்டிய இன்னொரு பாடம் மாயா வளைகுடா. ஒரு ஹொலிவூட் படத்தால் பெயர் பெற்ற அந்தச் சின்னக் கடற்கரைக்கு ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கானவர்கள் போனார்கள். நங்கூரமும் இயந்திரமும் பவளப்பாறையை அழித்தன. 2018 ஜூனில் அதை மூடினார்கள். 2022 ஜனவரியில் திறந்தபோது படகுகள் வளைகுடாவுக்குள் வரக்கூடாது, ஆட்களின் எண்ணிக்கைக்கும் எல்லை என்று விதி போட்டார்கள். அழிந்த பிறகு போட்ட விதி அது.

எங்கள் கரையின் செல்வம் பவளத்தைவிடக் கடற்புல்லும் கண்டலும். ஆழம் குறைந்த கடலில் வேகப்படகு ஓடினால் கடற்புல் பிய்ந்துபோகும். அதை மேயும் கடற்பசுவுக்கும் அடிபடும். பாக்குநீரிணையின் மறுபக்கத்தில் தமிழ்நாடு அரசு 2022 செப்டெம்பரில் கடற்பசுவுக்கென்றே ஒரு பாதுகாப்பகத்தை அறிவித்தது. இந்தப் பக்கத்தில் நடப்பது வேறு. ஏ-32 வீதியில் எங்களுக்குத் தெற்கே இருக்கும் விடத்தல்தீவு 2016 இல் இயற்கை ஒதுக்கிடமாக்கப்பட்டது. 2024 பெப்ரவரியில் இலங்கையின் கண்டல் மீளுருவாக்கத்தை ஐக்கிய நாடுகள் சபை பாராட்டியது. அதே வருடம் மே மாதத்தில், விடத்தல்தீவு ஒதுக்கிடத்திலிருந்து 168 ஹெக்டேயரை நீர்வேளாண்மைக்காக விலக்கி வர்த்தமானி வந்தது. சூழல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் போகவேண்டியதாயிற்று. கண்டலை வெட்டி இறால் வளர்ப்பவர் ஒரு பக்கம், கண்டலைக் காட்டிப் பிழைப்பவர் மறுபக்கம் என்று வந்தால், கண்டலுக்காகப் பேசக் கரையில் ஆட்கள் இருப்பார்கள். துடுப்புத் தோணிச் சுற்றுலாவில் எனக்குள்ள நம்பிக்கைக்கு அதுவும் ஒரு காரணம்.

அதே நேரம் மன்றோ தீவின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அங்கே கடல்நீர் ஏறி வீடுகள் தாழ்கின்றன. பல குடும்பங்கள் வெளியேறிவிட்டன. தோணியில் படம் எடுக்க வருகிறவர்கள் கூடக்கூட, குடியிருப்பவர்கள் குறைகிறார்கள். குடிநீர், பாடசாலை, வைத்தியர், ஒழுங்கான படகுச் சேவை ஆகியவை இல்லாமல் தவிக்கும் எங்கள் தீவுகளிலும் அது நடக்கலாம். சுற்றுலாவுக்காக இறங்குதுறை கட்டுகிறவர்கள், அதே துறையில் இரவில் பிரசவ வலியோடு ஒரு பெண் இறங்க முடியுமா என்று முதலில் பார்க்கட்டும்.

கேட்க வேண்டியவை

மாகாண சபைத் தேர்தல் வருமோ வராதோ, பிரதேச சபைகள் இப்போது இருக்கின்றன. பூநகரி, மாந்தை, தீவகப் பிரதேச சபைகளும் கடற்தொழிலாளர் சங்கங்களும் சேர்ந்து கேட்கக்கூடியவை இவை. பயணிகள் படகு உரிமத்தில் முதல் உரிமை அந்தந்தக் கரைச் சங்கங்களுக்கு இருக்க வேண்டும். ஒரு படகில் ஏற்றும் ஆட்களுக்கும், ஒரு நாளில் ஓடும் படகுகளுக்கும் எல்லை வேண்டும். கடற்புல்லுக்கும் கண்டலுக்கும் மேல் இயந்திரம் ஓடக்கூடாது. மக்கள் திரும்பிப் போகும் உரிமை முழுதாகக் கிடைக்காத தீவு எதையும் சுற்றுலாப் பட்டியலில் போடக்கூடாது. படையினர் விடுதியும் படகும் நடத்துவதை விட்டு விலக வேண்டும். இவற்றில் எதற்கும் கோடிகள் தேவையில்லை.

கரைக்கு வந்ததும் படகுக்காரருக்குக் காசு நீட்டினேன். மண்ணெண்ணெய்க் காசை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தந்தார். "இன்னும் தொழிலாத் தொடங்கேல்லைத் தம்பி. சங்கத்தில கதைச்சுப் போட்டுச் சொல்லுறன்" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், அடுத்த முறை அவரையும் கூட்டிப் போவதாக. அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. எத்தனை பேர் ஏற்றுவார்கள், இருட்ட முன்னம் கரைக்கு வந்துவிடுவார்களா என்று கேட்டார். அதற்கு நிச்சயமான பதில் என்னிடம் இருக்கவில்லை. சங்கம் கூடியதும் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.